லா சப்பலுக்கு வந்த கடிதங்கள்

1848 டிசம்பரில் ஆபிரகாம் லிங்கனிடம் அவருடைய மாற்றாந்தாயின் மகன் ஜான் ஜான்ஸ்டன் 80 டாலர் கடன் கேட்டிருந்தார். லிங்கன் கொடுக்கவில்லை. அடுத்த மே மாதம் முதல் தேதி வரை கூலிக்கு உழைத்து எவ்வளவு சம்பாதிக்கிறாயோ, ஒவ்வொரு டாலருக்கும் நான் ஒரு டாலர் சேர்த்துத் தருகிறேன் என்று பதில் எழுதினார். அதே கடிதத்தில் தகப்பனார் கேட்ட 20 டாலரை மனமுவந்து அனுப்பிவைத்தார். இல்லினாய் மாநிலச் சட்டசபையில் 1834 முதல் நான்கு முறை உறுப்பினராக இருந்து, பிறகு காங்கிரசுக்குப் போன மனிதர் வீட்டில் எப்படிப்பட்டவர் என்பதை அவருடைய மேடைப் பேச்சுகள் சொல்லாது. இந்த 80 டாலர் சங்கதி சொல்லிவிடுகிறது.

லிங்கன் பிறகு குடியரசுத் தலைவரானதால் அவருடைய கடிதங்கள் பிழைத்ததில் வியப்பில்லை. ஆனால் பெயர் பெரிதாக வெளியே தெரியாத 19ஆம் நூற்றாண்டு மாநிலச் சட்டசபை உறுப்பினர்கள் பலரின் குடும்பக் கடிதங்களும் அமெரிக்க மாநில வரலாற்றுச் சங்கங்களின் பெட்டிகளில் பத்திரமாக இருக்கின்றன. பயிர் விலை, மைத்துனனின் குடி, பிள்ளைப்பேறு, தேர்தல் செலவு எல்லாம் அவற்றில் கலந்து கிடக்கும். அவை தப்பியதற்கு மூன்று காரணங்கள். கடிதம் போய்ச் சேர்ந்த வீடு இடியவில்லை. வீட்டில் ஒருவருக்கு அதை எடுத்துவைக்கத் தோன்றியது. கடைசியில் வாங்கி வைத்துக்கொள்ள ஒரு நிறுவனம் இருந்தது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் கடிதம் போய்விடும்.

தமிழ்க் குடும்பக் கடிதங்களுக்கு இந்த மூன்றும் வாய்த்தனவா என்று கேட்டுக்கொண்டு போனால், கேள்வி பாரிஸ் நகரத்தில் ஈழத் தமிழர் கடைவைத்து வாழும் லா சப்பலில் வந்து நிற்கிறது.

மானிப்பாயிலிருந்து வூஸ்டருக்கு

அமெரிக்கக் குடும்பக் கடிதங்களில் ஒரு பகுதி யாழ்ப்பாணத்திலேயே எழுதப்பட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822இல் பிறந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் தங்கி, இடையில் சில ஆண்டுகள் ஊர் போய்த் திரும்பி, 1873 வரை பணிசெய்தார். தமிழ் கற்று, மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்து, உள்ளூர் இளைஞர்களை டாக்டர்களாக்கியவர் அவர். இந்த வேலைகளைப் பற்றி மிஷன் அறிக்கைகள் பேசும். அன்றாடம் என்ன நடந்தது என்பதை வூஸ்டரில் இருந்த உறவினர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களில்தான் தேடவேண்டும். 1884இல் அவர் இறந்தார். ஏழு ஆண்டுகளில், அதாவது 1891இல், எபனேசர் கட்லர் தொகுத்த அவருடைய வாழ்க்கையும் கடிதங்களும் அடங்கிய புத்தகம், குடும்ப நண்பர்களுக்காக அச்சாகிவிட்டது.

எப்படி முடிந்தது? கிரீன் குடும்பத்துக்கு வூஸ்டரில் 'கிரீன் ஹில்' என்ற பண்ணை வீடு தலைமுறைகளாக இருந்தது. 1905இல் வாரிசுகள் அந்த நிலத்தை நகரத்துக்குப் பூங்காவாகக் கொடுக்கும்வரை அது கைமாறவில்லை. மிஷனின் அலுவலகக் கடிதங்கள் தனியே ஹார்வர்டின் ஹவுட்டன் நூலகத்தைச் சேர்ந்தன. 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுத வருகிறவர்கள் இன்றும் மாசசூசெட்ஸுக்குப் போகவேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்ட தாள் யாழ்ப்பாணத்துக்கு வெளியேதான் பிழைத்தது. நூறு ஆண்டு கழித்து இதே கதை வேறு ஊரில், வேறு வகையான மனிதர்களிடையே மறுபடியும் நடந்திருக்கிறது.

அறிஞர்கள் படித்த விதம்

குடும்பக் கடிதத்தைப் பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாற்றுக்கு வெளியே கொண்டுவந்தவர்கள் சமூகவியலாளர்களான வில்லியம் தாமஸும் புளோரியன் ஸ்நானியெட்ஸ்கியும். அமெரிக்கா போன போலந்து விவசாயிகளின் கடிதங்களைக் குடும்பம் குடும்பமாக அடுக்கி அவர்கள் எழுதிய பெரிய நூல் 1918 முதல் 1920 வரை வெளிவந்தது. போலந்துக் குடியானவர் கடிதம் எல்லாமே அடிப்படையில் ஒரு வணக்கக் கடிதம் என்பது அவர்களுடைய கண்டுபிடிப்பு. செய்தி பிறகுதான், குடும்பம் பிரியவில்லை என்று காட்டுவதே முதல் வேலை. மேலே பிள்ளையார் சுழி அல்லது சிலுவைக் குறி, அதன்கீழ் 'நலம், நலமறிய ஆவல்', முடிவில் பெரியவர்கள் சின்னவர்கள் எல்லோருக்கும் பெயர் பெயராக விசாரிப்பு என்று எழுதிப் பழகிய தமிழருக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இன்னொரு போலந்துத் தொகுப்பு வேறு பாடம் சொல்கிறது. 1890, 1891 ஆண்டுகளில் பிரேசிலிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஊருக்கு வந்த கடிதங்களை ரஷ்ய ஜார் ஆட்சியின் தணிக்கைக்காரர்கள் மடக்கி வைத்துக்கொண்டார்கள். உரியவர் கைக்குப் போகாததாலேயே அவை மிஞ்சின. பிறகு 1944இல் வார்சா அழிந்தபோது பெரும்பகுதி எரிந்துபோக, எஞ்சியதை வரலாற்றாசிரியர் வித்தோல்ட் குலாவும் துணைவர்களும் 1973இல் அச்சிட்டார்கள். முதல் உலகப் போரில் பிரான்சுக்கு வந்த இந்தியச் சிப்பாய்களின் கதையும் இப்படித்தான். அவர்கள் வீட்டுக்கு எழுதியதைப் பிரிட்டிஷ் தணிக்கை அலுவலகம் மொழிபெயர்த்து எடுத்த பகுதிகளே லண்டனில் இருக்கின்றன. டேவிட் ஒமிசி 1999இல் அவற்றிலிருந்து ஒரு நூல் தொகுத்தார். அவற்றில் ஒலிப்பது பெரும்பாலும் வடஇந்தியக் குரல்.

ஐரிஷ் வரலாற்றாசிரியர் டேவிட் ஃபிட்ஸ்பாட்ரிக் 1994இல் வெளியிட்ட நூலில் அயர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே போய்வந்த 111 கடிதங்களை முழுதாகக் கொடுத்தார். இரு திசைக் கடிதங்களும் கிடைத்தது அங்கே அபூர்வம். பொதுவாகக் கிடைப்பவை, போனவர் ஊருக்கு எழுதியவை. ஊர்வீடு நிலையாக இருக்கும். போனவர் அறை மாறி அறை மாறி அலைவார். ஆகவே அமெரிக்காவிலிருந்து வந்தது பரணில் தங்கும். அமெரிக்காவுக்குப் போனது குப்பைக்குப் போகும். புலம்பெயர் கடித ஆய்வு முழுவதும் இந்தச் சாய்வில்தான் நிற்கிறது.

தமிழில் தப்பியவை

தமிழில் பெருந்தொகையாகத் தப்பிய 19ஆம் நூற்றாண்டுக் கடிதங்கள் உ.வே. சாமிநாதையருக்கு வந்தவை. அவர் எதையும் எறியவில்லை. சென்னையில் அவர் பெயரிலுள்ள நூலகத்தில் 3,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் இருக்கின்றன, ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த முதல் தொகுதி 1877 முதல் 1900 வரையிலானவற்றைக் கொண்டது. அவருக்கு எழுதியவர்களில் ஒருவர் ஜூலியன் வேன்சோன். காரைக்காலில் வளர்ந்து, பாரிஸ் கீழ்த்திசை மொழிகள் பள்ளியில் தமிழ் கற்பித்த பிரெஞ்சுக்காரர். சீவக சிந்தாமணி 1887இல் அச்சேறிய பிறகு பாரிஸிலிருந்து கும்பகோணத்துக்குத் தமிழிலேயே கடிதம் வந்தது. இலங்கைச் சட்டநிரூபண சபையில் 1890களில் தமிழர் பிரதிநிதியாக இருந்த பொ. குமாரசுவாமியும் அவருக்கு எழுதியவர்தான். சட்டசபைக்காரர், 19ஆம் நூற்றாண்டு என்று எல்லாம் பொருந்துகிறது; ஆனால் கடிதங்கள் ஏட்டுச்சுவடியையும் அச்சையும் பற்றியவை. வீட்டுப் பேச்சு அவற்றில் இல்லை.

சட்டசபைக்காரர் ஒருவரின் வீட்டுக் கடிதம் என்றால் தமிழில் முதலில் நினைவுக்கு வரவேண்டியவர் தீரர் சத்தியமூர்த்தி. சென்னைச் சட்டசபையிலும் டெல்லி மத்திய சட்டசபையிலும் பேசிப் பேர்பெற்றவர் சிறையிலிருந்து மகள் லட்சுமிக்கு எழுதியவை 'அருமைப் புதல்விக்கு' என்று நூலாயின. அவருடைய அரசியல் கடிதங்களைக் கே.வி. ராமநாதன் 2008இல் ஆங்கிலத்தில் இரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தார். மகளும் சாதாரண வாசகியல்லர். வாசகர் வட்டம் பதிப்பகத்தை நடத்திய லட்சுமி கிருஷ்ணமூர்த்திதான் அவர். இலங்கை, மலேசியத் தமிழ் எழுத்தைத் தமிழ்நாட்டு வாசகர் முன் வைத்த 'அக்கரை இலக்கியம்' 1968இல் அங்கிருந்துதான் வந்தது. கடிதத்தைப் பெற்றவர் பதிப்பாளராகவும் இருப்பது எத்தனை வீட்டில் நடக்கும்?

கடல்கடந்த உழைப்பாளிகளுக்கு அது நடக்கவில்லை. 1853 முதல் காரைக்காலிலும் புதுச்சேரியிலும் கப்பலேறி மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் எழுதத் தெரிந்தவர் சிலரே. எழுதத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி எழுதுவித்ததும் ஊரில் யாரோ படித்துச் சொல்லிக் கேட்டதும் அந்த ஒரு தடவையோடு முடிந்தன. ஒப்பந்தத் தொழிலாளர் குரல்களைத் தேடி மரினா கார்ட்டர் 1996இல் நூல் எழுதியபோது மனுக்களையும் அரசுக் கோப்புகளுக்குள் சிக்கிய கடிதங்களையும்தான் நம்பவேண்டியிருந்தது.

தபால்பெட்டியில் ஒரு பெயர்

லா சப்பல் 1860 வரை பாரிஸுக்கு வெளியே தனி ஊர். இன்று கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டி, 10ஆம் 18ஆம் வட்டாரங்கள் சந்திக்கும் இடம். ஃபோபூர் சென் தெனி தெருவிலும் கய் தெருவிலும் நகைக்கடை, சேலைக்கடை, மரக்கறிக்கடை, வீடியோக்கடை என்று தமிழ்ப் பலகைகள் வரிசையாக நிற்கும். 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயம் பஜோல் தெருவில் இருக்கிறது. ஆண்டுதோறும் தேர் இந்தத் தெருக்களில்தான் ஓடுகிறது. இந்த லா சப்பல், இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு வந்தவர்களால் உருவானது. கிழக்கு பெர்லின் வழியாக மேற்கே கடந்து பாரிஸ் சேர்ந்தவர்கள் அவர்களில் பலர்.

வந்தவருக்கு முதலில் தேவைப்பட்டது வேலையோ மொழியோ அல்ல, விலாசம். பாரிஸ் கட்டடங்களில் தபால்பெட்டி பெயரைப் பார்த்துத்தான் நிரப்பப்படும். பெட்டியில் பெயர் ஒட்டாதவருக்குக் கடிதம் வராது, திரும்பிப் போய்விடும். ஓர் அறையில் பலர் படுத்த காலத்தில் தன் பெயரோடு 'ஷே' (பிரெஞ்சில் 'வீட்டில்') இன்னார் என்று வீட்டுக்காரரின் பெயரையும் சேர்த்து எழுதினால்தான் யாழ்ப்பாணத்துக் கடிதம் கைக்கு வரும். அறை மாறினால் பழைய அறைக்காரர் எடுத்து வைத்திருந்து லா சப்பல் கடையொன்றில் கொடுத்துவிடுவார்.

ஏரோகிராம் என்ற நீலத்தாளை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். தாளே உறை. மூன்றாக மடித்து விளிம்பை ஒட்டவேண்டும். உள்ளே வேறெதுவும் வைக்கக்கூடாது. ஒரு போட்டோ வைத்தாலும் குற்றம். ஆகவே பக்கம் தீர்ந்த பிறகும் சொல்ல வேண்டியது தீராதபோது எழுத்து ஓரங்களில் ஏறும், மடிப்புக்குள் இறங்கும், ஒட்டும் விளிம்பு வரை போகும். அம்மா எழுதி முடித்த இடத்தில் தங்கச்சி இரண்டு வரி சேர்ப்பாள். அவசரத்தில் கிழித்துத் திறந்தவர் கடைசி வரியையும் சேர்த்துக் கிழித்துவிடுவார்.

வரிகளில் இருந்தவை சீதனம், சாதகம், ஈடு வைத்த காணி, தம்பியின் ஓ.எல். பரீட்சை, அவனையும் வெளியே அனுப்ப ஏஜென்சிக்குக் கட்டவேண்டிய காசு, உண்டியல் என்ற வங்கி சாராத பணமாற்றில் வந்த பணம் கைக்குக் கிடைத்த செய்தி. போர், 'நாட்டுப் பிரச்சினை' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். எந்தச் சோதனைச் சாவடியில் யார் பிரித்துப் படிப்பார்கள் என்று தெரியாது. ஆளில்லாத சந்திகளையும் காணாமல்போன பக்கத்து வீட்டுப் பெடியனையும் பெயர் சொல்லாமலே எழுதத் தாய்மார் பழகியிருந்தார்கள். 1824இலேயே உடுவிலில் பெண்கள் பள்ளி கண்ட சமூகத்தில் அவர்களில் பலருக்கு எழுதித்தர இன்னொருவர் வேண்டியிருக்கவில்லை. போலந்துக் கடிதங்களிலும் ஒப்பந்தக் கூலிகளின் கடிதங்களிலும் அரிதாகக் கிடைக்கும் பெண்ணின் கையெழுத்து இங்கே தாராளமாக உண்டு.

உறையும் ஏமாற்றும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமற் போயின. தபால் கப்பலை நம்பிக் கிடந்தது. கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து கொழும்புக்குப் போகிறவரிடம் கடிதத்தைக் கொடுத்துவிடுவார்கள். அவர் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ முத்திரை ஒட்டிப் போடுவார். முத்திரையில் கொழும்பு, உள்ளே யாழ்ப்பாணம். மேலே ஒரு தேதி, உள்ளே அதற்குப் பல கிழமை முந்திய தேதி. பயணம் வருகிறவர் கையோடு கொண்டுவந்த கடிதத்தில் முத்திரையே இராது. தடுப்பில் இருந்தவர்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் செஞ்சிலுவைச் சங்கத்தின் திறந்த தாள் ஒன்று இருந்தது. குடும்பச் செய்தி தவிர வேறெதுவும் அதில் எழுதமுடியாது.

பாதி உரையாடல்

பாரிஸிலிருந்து போன கடிதங்கள் என்ன ஆயின? 1990களின் தொடக்கத்தில் வலிகாமம் வடக்கில் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போன வீடுகளுக்கு உரியவர்கள் பல்லாண்டு திரும்பவில்லை. 1995 அக்டோபர் 30இல் போருக்கு அஞ்சி வலிகாமமே ஊரைவிட்டு எழுந்து நடந்தது. சைக்கிளில் கட்டியவை காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், நகை, அரிசி. மகன் அனுப்பிய கடிதக்கட்டு அந்தப் பட்டியலில் கடைசி. வன்னிக்குப் போனவர்கள் போர் முடிந்த 2009இல் வெறுங்கையோடு வெளியே வந்தார்கள்.

அதனால் உலகப் புலம்பெயர் ஆய்வின் சாய்வு இங்கே தலைகீழாகிறது. ஊர்வீடு போய்விட்டது, அறை மாறி அலைந்தவர் மெல்ல லா சப்பலிலும் புறநகரிலும் வீடு பிடித்து நிலைத்தார். பிழைக்க வாய்ப்புள்ளவை ஊரிலிருந்து வந்த கடிதங்கள்தான். பாரிஸ் வீட்டு அலுமாரிகளில் இருப்பது, ஆகவே, பாரிஸ் வாழ்க்கையின் வரலாற்றைவிடப் போர்க்கால யாழ்ப்பாணத்தின் வரலாறு. சாமுவேல் கிரீனின் கடிதங்கள் வூஸ்டரில் தங்கியது போலவே, அரிசி விலையையும் குண்டுச் சத்தத்துக்கிடையே நடந்த பரீட்சையையும் யாழ்ப்பாணத்துத் தாய்மார் எழுதிய கணக்கும் வெளியூரில்தான் தங்கியிருக்கிறது.

மகனின் குரலை அம்மாவின் கேள்வியிலிருந்து ஊகிக்கவேண்டும். 'நல்ல வேலை என்று எழுதியிருந்தாய், என்ன வேலை என்று எழுதவில்லையே' என்று ஒரு தாய் கேட்டால், உணவகத்துச் சமையலறையில் கோப்பை கழுவியதை மகன் மறைத்திருக்கிறான் என்று தெரிந்துவிடும். கடிதத்தில் எழுதாமல் விட்டதைப் பாரிஸ் தமிழர் அச்சில் எழுதினார்கள். 'ஓசை', 'அம்மா', 'எக்ஸில்' போன்ற சிற்றிதழ்கள், கி.பி. அரவிந்தனின் கவிதைகள், ஷோபாசக்தியின் கதைகள் எல்லாம் அந்த மறுபாதியை ஓரளவு நிரப்புகின்றன. ஷோபாசக்தி 2001இல் வெளியிட்ட 'கொரில்லா' நாவல் அகதி விண்ணப்பக் கடிதத்தின் வடிவத்தையே உள்ளே இழுத்துக்கொண்டது தற்செயலன்று.

ஏனென்றால் அந்நாள் லா சப்பலில் கடிதம் என்றால் இரண்டு வகை. ஒன்று நீலத்தாள், மற்றது அகதிகள் அலுவலகமான ஓஃப்ப்ராவிடமிருந்து வரும் பதிவுத் தபால். ஓஃப்ப்ரா மறுத்தால் மேல்முறையீட்டு ஆணைக்குழு. அங்கே வீட்டுக் கடிதமே சாட்சிப் பத்திரமாக மாறியது. இராணுவம் தேடி வந்தது என்று அம்மா எழுதியதை மொழிபெயர்த்து இணைத்தார்கள். கூடவே கிராம சேவகர், சமாதான நீதவான், பங்குச் சாமியார், நாடாளுமன்ற உறுப்பினர் ஆகியோரின் உறுதிக் கடிதங்கள். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சட்டசபைக்காரர் வீட்டுக்கு எழுதினார். 20ஆம் நூற்றாண்டு இலங்கைத் தமிழ் எம்.பி. அடுத்த வீட்டுப் பிள்ளைக்காகப் பிரெஞ்சு அதிகாரிக்கு எழுதினார். இப்படிக் கேட்டு வாங்கிய கடிதங்களை அதிகாரிகள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். வரலாற்றாசிரியரும் அதே கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும்: இது மகனுக்கு எழுதியதா, மகன் வழியாக நீதிபதிக்கு எழுதியதா? பிரெஞ்சுச் சட்டப்படி ஓஃப்ப்ராவின் ஆவணங்கள் யாரும் தொடமுடியாதவை. அகதியைக் காக்கும் ஏற்பாடு அது. அரசிடம் உள்ள படி பூட்டில் இருக்க, ஆய்வுக்குக் கிட்டக்கூடியது வீட்டில் உள்ள படி மட்டும்.

யார் வாங்கி வைப்பது

1990களில் லா சப்பலில் தொலைபேசிக் கடைகளும் அட்டைகளும் வந்தன. பிறகு கைபேசி, வைபர், வாட்ஸ்அப். நீலத்தாளின் காலம் ஏறத்தாழ இருபது ஆண்டோடு முடிந்துவிட்டது. அளவான தொகை என்பதால் சேகரிப்பது நடக்கக்கூடிய காரியம்.

வாங்கி வைக்க இடமும் இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்துகிறது. நூலல்லாதவற்றுக்கு 'ஆவணகம்' என்ற தளத்தை நடத்துகிறது. பிரான்சில் 1992இல் ஃபிலிப் லெஜோன் முன்னின்று உருவாக்கிய தன்வரலாற்றுச் சங்கம், அம்பேரியு ஆன் புஜே என்ற சிற்றூரில் சாதாரண மக்களின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் வாங்கிப் பாதுகாக்கிறது. பாரிஸ் போர்த் தோரே மாளிகையில் 2007இல் திறந்த குடியேற்ற வரலாற்று அருங்காட்சியகம், குடும்பங்கள் கொடுத்த பொருள்களுக்கென்றே ஒரு கூடம் ஒதுக்கியது. எப்படிச் சேர்ப்பது என்பதற்கு ஜெர்மானியர் முன்மாதிரி. அமெரிக்கா போனவர்களின் கடிதங்களைப் பத்திரிகைகளில் வேண்டுகோள் விடுத்தே வீடுகளிலிருந்து வாங்கினார்கள்; போஹும் (Bochum) நகரத்தில் தொடங்கிய அந்தத் தொகுப்பு இன்று கோத்தா ஆய்வு நூலகத்தில் இருக்கிறது. லா சப்பலில் அந்த வேலையை மரண அறிவித்தலும் கோயில் திருவிழா நோட்டீசும் ஒட்டும் கடைக் கதவுகள் செய்யும்.

தடைகள் வேறு. பிரெஞ்சுச் சட்டத்தில் கடிதத்தாள் பெற்றவருக்குச் சொந்தம். அதிலுள்ள வாசகத்தை வெளியிடும் உரிமை எழுதியவருக்கும், அவர் இறந்து 70 ஆண்டு வரை அவருடைய வாரிசுகளுக்கும் உரியது. மகன் பாரிஸில், மகள் டொரன்டோவில், இன்னொருவர் மானிப்பாயில் என்றால் மூவரும் சம்மதிக்கவேண்டும். கடிதத்தில் பெயர் வரும் மூன்றாமவர் இன்னும் ஊரிலேயே வாழ்பவராக இருக்கலாம். இயக்கம், இராணுவம் என்று ஒரு வரி வெளிவந்தால் அவருக்கு ஆபத்து. அதனால் முதலில் படமெடுத்து வைப்பது, பெயர்களை மறைத்த படியை மட்டும் ஆய்வாளருக்குக் கொடுப்பது, வெளியிடும் காலத்தைக் குடும்பமே முடிவுசெய்வது என்ற ஒழுங்கு தேவைப்படும். உறையை வீசிவிட்டுக் கடிதத்தை மட்டும் வைப்பதும் கூடாது. முத்திரைத் தேதிக்கும் உள்தேதிக்கும் உள்ள இடைவெளியே போர்க்காலத் தபாலின் வரலாறு.

1984இல் இருபத்தைந்து வயதில் வந்திறங்கியவருக்கு இப்போது அறுபத்தைந்து தாண்டிவிட்டது. பாரிஸில் பிறந்த பிள்ளைகள் பலர் தமிழ் பேசுவார்கள்; அப்பம்மாவின் நெருக்கமான கையெழுத்தைப் படிக்கத் திணறுவார்கள். 'ராசன்' யார், 'சின்னக்கா' யார், 'அந்த விசயம்' எந்த விசயம் என்பதற்குக் கடிதத்துக்குள் விடையில்லை, பெற்றவருக்குத்தான் தெரியும். எனவே சேகரிப்பவர் படமெடுக்கும் கருவியோடு ஓர் ஒலிப்பதிவுக் கருவியையும் கொண்டுபோகவேண்டும். ஒவ்வொரு கடிதத்தையும் பெற்றவரையே வாய்விட்டுப் படிக்கச்சொல்லி, பெயர் வரும் இடங்களில் நிறுத்தி, உறவையும் ஊரையும் கேட்டுப் பதியவேண்டும்.